அந்த ஒரு கரகரப்பு

“இன்னொரு தடவை பாடும்மா. அந்த ஒரு இடம் மட்டும் வரவே மாட்டேங்குது.”

பல்ட்டு-தா, அதாவது பல்ட்டு அண்ணன், பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னார். கொல்கத்தாவை ஒட்டிய பாராசாத்தில் அந்தத் தெரு கிளப்புக்கு அவர்தான் செயலாளர். துர்கா பூஜை முடிந்து தெருவே கூடும் விஜயா விழா. ஆறு மணிக்குக் கச்சேரி. இப்போது மூன்று. ஷெஃபாலி மொண்டல் அதே வரியை ஏழாவது தடவையாகப் பாடி முடித்திருந்தாள்.

மேடைக்குப் பின்னால் திரைப்பாடகி மந்திரா லாஹிரியின் படம், ஆள் உயரத்துக்கு. அடியில் பொடி எழுத்தில் ‘மந்திரா கண்டி’. மந்திராவின் குரலில் பாடுகிறவள். பெரிய பாடகர் ஒவ்வொருவருக்கும் இப்படிப் பத்துக் குரல்கள் ஊர் ஊராக அலைகின்றன. அந்தக் குரலுக்கும் ஒரு பெயர் இருக்கும் என்று எந்தக் கிளப்புக்கும் தோன்றுவதில்லை.

கேனிங் ரயிலில் நசுங்கி, சியால்தாவில் மாறி வந்து இறங்கியதும் ஷெஃபாலி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பேனரில் வேண்டாம், மைக்கில் ஒரே ஒரு தடவை என் பெயரைச் சொல்லுங்கள். பல்ட்டு-தா சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். மழைப்பாட்டில் அந்த இடத்தை மந்திரா தீதி மாதிரியே பாடிவிட்டால் சொல்வாராம்.

பத்து வருடத்துக்கு முந்தைய பாட்டு அது. அதுவரை மந்திரா பத்தோடு பதினொன்று. அதற்குப் பிறகுதான் அரசு விருது, பணக்காரர்கள் வாழும் பாலிகஞ்சில் வீடு, டிவி போட்டியில் நடுவர் நாற்காலி எல்லாம். சரணத்தில் ‘திரும்பி வா’ என்னும்போது குரல் லேசாகக் கரகரத்து உடையும். அந்த உடைசலுக்குத்தான் வங்காளமே அழுதது.

ஷெஃபாலியின் செல்போனை ஆம்ப்ளிஃபயரில் சொருகி, பல்ட்டு-தா அந்த வரியை மறுபடி போட்டார்.

“கேட்டியா? அழுகையை அடக்கிட்டுப் பாடறாங்க. நீ தொண்டையால பாடற, தீதி மனசால பாடறாங்க. அதெல்லாம் பிறவியிலயே இருக்கணும். மொண்டல் சாதிப் பொண்ணு இவ்வளவு பாடறதே பெருசுதான், இல்லேங்கல.”

“நீங்கதான் ஒருதடவை பாடிக் காட்டுங்களேன், பல்ட்டு-தா.”

ஏணி மேல் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தவன் களுக்கென்று சிரித்தான். பல்ட்டு-தா முறைத்ததும் வயரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

எட்டாவது தடவை பாடினாள். துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி வந்தது.

“சுத்தமா இருக்கு. அதான் தப்பு.”

ஷெஃபாலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாலிகஞ்ச் ஸ்டூடியோக்களில் மூன்று வருடம் டிராக் பாடியவள் அவள். பெரிய பாடகி வந்து கேட்டுப் பாடுவதற்காக முன்கூட்டியே மாதிரி பாடி வைக்கிற வேலை. அங்கேகூட இவ்வளவு நொட்டை கேட்டதில்லை.

“அப்ப பேர் கிடையாது” என்று பல்ட்டு-தா மண் கோப்பை டீயை உறிஞ்சினார். “‘மந்திரா கண்டி’ன்னே சொல்லிடறேன். ஜனங்களுக்கு அது போதும்.”

“எனக்குப் போதாது. நான் கிளம்பறேன்.”

பையை மாட்டிக்கொண்டு போனை எடுக்கக் கையை நீட்டினாள். அதற்குள் அது அடித்தது. திரையைப் பார்த்த பல்ட்டு-தாவுக்கு டீ புரையேறியது.

“மந்திரா தீதியா? இந்த நம்பர் உன்கிட்ட எப்படி?”

அவள் வயரைப் பிடுங்குவதற்குள் அவர் விரல் பட்டுவிட்டது. தெருவின் நான்கு ஸ்பீக்கர்களும் ஒன்றாகப் பேசின.

“ஷெஃபாலி, நான்தாண்டி மந்திரா. நாளைக்கு டிவியில நேரலை. மழைப்பாட்டைத்தான் கேக்கறாங்க. வாயசைக்கக் கூடாதாம், நெசமாவே பாடணுமாம். பத்து வருஷமா உன் டிராக்குக்கு வாயசைச்சே ஓட்டிட்டேன், இனிமே தப்பிக்க முடியாது. நூறு தடவை போட்டுக் கேட்டுட்டேன், ‘திரும்பி வா’ல அந்தக் கரகரப்பு மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது. எப்படிடி பாடின அதை?”

பல்ட்டு-தாவின் கோப்பை உதட்டுக்கு முன்னால் அப்படியே நின்றது. ஷெஃபாலி போனை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

“அன்னிக்கு எனக்கு ஜலதோஷம், தீதி.”