பங்கேற்பாளர் பதினான்கு

ஓரகத்தி என் அறைக் கதவைத் தட்டவில்லை. நேராக உள்ளே வந்து ஆய்விதழை என் மேசைமேல் போட்டாள்.

எதிர் மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த சக விரிவுரையாளர் அவள் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நழுவினார்.

பன்னிரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அண்ணன் மனைவி அவள், தம்பி மனைவி நான். என் கல்லூரிக்கு அவள் வந்தது அதுவே முதல் தடவை. பள்ளி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அரை நாள் விடுப்பைக்கூட எண்ணி எண்ணிச் செலவழிப்பவள்.

"நாப்பத்தி மூணாம் பக்கம் எடு."

எடுக்காமலே எனக்குத் தெரியும்.

பண்பாடு தனிமனித நடத்தையை எப்படி வளைக்கிறது என்பது என் ஆய்வு. பழி விழும்போது மனிதர்கள் ஏன் எதிர்த்துப் பேசுவதில்லை என்று முப்பது பேரைப் பேட்டி எடுத்தேன். பதினான்காவது ஆள் இவள்.

மாமனார் செத்தது இவளால்தான் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுப்பது இவள் பொறுப்பு. ஒரு நாள் காலையில் இரண்டு தடவை கொடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் இவளே அதை ஒத்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் ஆள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மாமியார் இவளைப் பேசாத பேச்சில்லை. பத்து வருடமாக இவள் ஒரு பதிலும் சொன்னதில்லை.

ஆய்வுக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"அக்கா, பேரு எங்கயும் போடல. வயசக்கூட மாத்தித்தான் போட்டிருக்கேன். நீங்க கையெழுத்துப் போட்டுத்தானே பேசினீங்க."

"பேரப் பத்தி யாரு கேட்டா? வாய்விட்டுப் படி."

சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருந்தாள். இரண்டு வரி மேலே ஒரு எழுத்துப்பிழையையும் திருத்தியிருந்தாள்.

படித்தேன். "பங்கேற்பாளர் பதினான்கு தாமாக மௌனம் காக்கவில்லை. அவர் வளர்ந்த பண்பாடு அவருக்காக அந்த முடிவை எடுத்தது."

"எனக்காக முடிவெடுத்துச்சா? யாரு அந்தப் பண்பாடு, என்னப் பெத்தவளா?" பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "முடிவெடுத்தது நான். ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து யோசிச்சு எடுத்தேன். அதக் கொண்டுபோய் வேற எவ பேர்லயோ எழுதி வச்சிருக்க."

நானும் விடவில்லை. பத்து வருடமாக நாக்கு நுனியில் நின்றது வெளியே வந்துவிட்டது.

"செஞ்ச தப்ப ஒத்துக்கறதுக்கு யோசனை எதுக்கு?"

அவள் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள். வந்து என் எதிரில் நின்றாள். நாற்காலியைத் தொடவில்லை.

"அன்னைக்கு எட்டு மணிக்கு நான் குடுத்தேன். ஒரு தடவைதான். எட்டரைக்கு நீ குடுத்திருக்க. ஆஸ்பத்திரிக்குப் போற கார்ல வேர்த்துக் கொட்டறப்ப மாமாவே சொன்னாரு, சின்னவளும் குடுத்தாளேன்னு. பிச்ச மாத்திரை அட்டை உன் தலையணைக்கிட்ட கெடந்துச்சு. எடுத்துக் குப்பையில போட்டது நான்."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அப்போது என் மகனுக்கு மூன்று மாதம். ராத்திரி முழுக்க அழுவான். அந்த நாட்களில் எது பகல், எது கனவு என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனால் மாமனார் குரல் இருந்தது. 'இன்னும் மாத்திரை தரலையேம்மா' என்ற குரல். அதைக் கனவில் கேட்டதாகவே இத்தனை வருடம் வைத்திருந்தேன்.

"ஏன்க்கா சொல்லல?"

"நீ அப்ப இருந்த இருப்புக்கு, தெரிஞ்சிருந்தா உசுர வச்சிருக்கமாட்ட. அப்புறம் உன் புள்ளைய யாரு வளக்கறது, நானா?"

கையெழுத்துக்காகக் காத்திருந்த ஒரு மாணவி கதவை லேசாகத் திறந்து, எங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"பாசம்னு நெனச்சுக்காத. உன்ன எனக்கு அன்னைக்கும் புடிக்காது, இன்னைக்கும் புடிக்காது. ஆனா நான் ஒருத்தி யோசிச்சு செஞ்ச காரியம் இது. எனக்குன்னு அது ஒண்ணுதான் இருக்கு. அதத் திருத்தி எழுது."

ஆய்விதழை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கு என் வகுப்பில் முப்பத்தெட்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினார். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. மாமனார் இறந்த நாளிலிருந்து மாமியார் ஓரகத்தி கையால் ஒரு மாத்திரையும் வாங்கியதில்லை. நான்தான் கொடுக்கிறேன்.

அட்டையிலிருந்து பிதுக்கினேன். ஒன்றுதானா என்று பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன்.

"அத்தை," என்று ஆரம்பித்தேன்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த ஓரகத்தியின் கை நின்றது.

மாமியார் மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். "என்னம்மா யோசிக்கற? நீ குடுத்தா எனக்கு ஒரு பயமும் இல்ல."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.