டாக்டர் கிட்ட

“மூணு வாரத்துல மூணு கிலோ. எப்படிம்மா ஏறிச்சு?”

எடைக் கருவியிலிருந்து மகளை இறக்கிவிட்ட அம்மா, தெரியவில்லை என்றாள். வீட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு, அலமாரிக்குப் பூட்டு, பிஸ்கட் டப்பாவுக்குக்கூடப் பூட்டு. சாவிக்கொத்து இடுப்பிலேயே கிடக்கிறது என்று எடுத்தும் காட்டினாள்.

“இவளுக்கு இளகின மனசு டாக்டர். புள்ள முகம் கொஞ்சம் வாடிடக் கூடாது, பூட்டு தானா திறந்துக்கும்,” என்றார் அப்பா. அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பஞ்சு அருகில் இருந்திருந்தால் பற்றிக்கொண்டிருக்கும்.

ஏழு வயதுப் பாப்பாவுக்கு அபூர்வமான கோளாறு. கொஞ்சம் தின்றாலே உடம்பு ஊதிவிடும். ஹார்மோன்கள் சொன்ன பேச்சு கேட்காது. தூங்கினால் மூளை மூச்சு விடவே மறந்துவிடும். அதற்காகக் கட்டிலருகே ஒரு சுவாசக் கருவி. பகலில் மட்டும் பயமில்லை. வாய் மூடினால்தானே!

டாக்டர் அவள் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டிவிட்டு, ஸ்டெதஸ்கோப்புடன் குனிந்தார். மூச்சுச் சத்தமே இல்லை. திரையில் எண் தொண்ணூற்றாறிலிருந்து தொண்ணூறுக்கு இறங்கியது. நர்ஸைக் கூப்பிட நாலடி நகர்ந்தார். பின்னால் புஸ்ஸென்று மூச்சு வந்தது. திரும்பி வந்து குனிந்தார். மறுபடியும் நின்றது.

இப்படி மூன்று முறை.

டாக்டரின் முகம் மாறியது. முழித்திருக்கும்போதே மூச்சு நிற்கிறதென்றால் நோய் முற்றுகிறது என்றார். இன்றே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டுமாம். தொண்டையில் துளை போடவும் நேரலாமாம். அம்மா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் அறைக்கோடிக்குப் போய், படுக்கை காலியாக இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்கத் தொடங்கினார்.

அப்பா மகள் முன்னால் மண்டி போட்டுவிட்டார்.

“ஒரே ஒரு தடவை கண்ணு. டாக்டர் வந்து பார்க்கறப்போ மூச்சை விட்டுடு. அப்பா கெஞ்சிக் கேக்கறேன்.”

பாப்பாவுக்குக் குழப்பமாகிவிட்டது. டாக்டர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும் ரகசியக் குரலில் கேட்டாள்:

“ஸ்கூல் விட்டு வர்றப்போ தினமும் கேக் வாங்கிக் குடுத்துட்டு, டாக்டர் கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?”