கொடியில் காயும் பைகள்

ஹவானாவில் விடுமுறையின் இரண்டாம் நாள் காலை. பால்கனிக் கொடியில் ஒடாலிஸ் பழைய பிளாஸ்டிக் பைகளை ஒவ்வொன்றாய் அலசி மாட்டுகிறாள். கடற்காற்றில் அவை உப்பி உப்பி அடங்குகின்றன. பன்னிரண்டு வருடம் கழித்து மயாமியிலிருந்து வந்திருக்கும் தங்கை யமிலா, ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று விடிந்ததும் அடுக்களையைச் சுத்தம் செய்து, இந்தப் பைகளைத் தெருக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டாள். அக்கா மூன்று மாடி இறங்கிப் பொறுக்கி வந்திருக்கிறாள். "பெரியம்மா, அது குப்பைதானே?" என்கிறாள் யமிலாவின் மகள். "உங்க ஊர்ல குப்பைடி செல்லம். இங்க நாளைக்கு ரொட்டி வாங்க எதை எடுத்துட்டுப் போறது?" சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். சிறுமியாக இருந்தபோது இதே கொடியில் பைகளை மாட்டியது யமிலாதான். அவள் துணி மாட்டும் கிளிப் ஒன்றை எடுத்துக்கொண்டு எழுகிறாள். "நீ உக்காருடி, விருந்தாளி வேலை செய்யலாமா?" என்கிறாள் அக்கா. கடைசிப் பையில் மயாமி மருந்துக்கடையின் பெயர் பாதி அழிந்திருக்கிறது. ஒடாலிஸ் அதை உதறி வெயிலில் பிடிக்கிறாள். "அம்மாவுக்கு நீ மாத்திரை அனுப்பின பை. அவ போயி மூணு வருஷமாச்சு. இது இன்னும் கிழியல." யமிலா உட்கார்ந்தபடி, கையிலிருக்கும் கிளிப்பைத் திறந்து திறந்து மூடுகிறாள்.