தனிக்குடித்தனம்

ரேஷன் கார்டு விசாரிக்க ஆபீசர் வருகிறார் என்றதும் பாண்டியம்மாள் மருமகளோடு சண்டை போட்டுவிட்டாள்.

எல்லாம் ஒப்புக்குத்தான். ஒரு கார்டுக்கு இருபது கிலோ அரிசிக்கு மேல் கிடையாது. வீட்டிலோ எட்டு வாய். மாசம் பாதியிலேயே பானை காலி. கல்யாணமான மகன் தனியாகப் பொங்கித் தின்றால் இன்னொரு கார்டு உண்டாம். இருப்பதோ ஒற்றை ரூம். நடுவில் ஒரு சேலையைக் கட்டி, அந்தப் பக்கம் ஒரு ஸ்டவ்வை வைத்தாள். தனிக்குடித்தனம் ரெடி.

"மாமியா கொடுமை தாங்க முடியல சார்!" மருமகள் ஜோதிகா மூக்கைச் சிந்தினாள். சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே அழுதாள். பாண்டியம்மாளுக்கே சுருக்கென்றது.

ஆபீசர் பேனாவைத் திறந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் திருமூர்த்தி. அந்த லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரர். பாண்டியம்மாள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கும் அவர்தான் முதலாளி.

"நம்பாதீங்க சார். எல்லார்த்துக்கும் ஒரே ஒலைச் சோறுதானுங்க. நேத்து இந்தச் சீலையே இல்லீங்க."

ஆபீசர் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

"ஏம்மா, ஒரு குடும்பத்தை ரெண்டாக்கிக் கவருமெண்டை ஏமாத்தறீங்களே, சோத்துல உப்புப் போட்டுத்தான திங்கறீங்க?"

"உப்பு நெறயாக் கெடக்குய்யா. சோறுதேன் பத்தல."

சொல்லிவிட்டாளே தவிர, கம்பெனிக்குப் போய் உட்கார்ந்தும் பாண்டியம்மாளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

மத்தியானம் கம்பெனியே அல்லோலகல்லோலப்பட்டது. பி.எஃப். ஆபீசர் பல்லடம் ரோட்டில் வந்துகொண்டிருக்கிறாராம்.

"தட்டியை வெய்யி! போர்டை மாட்டு!" திருமூர்த்தி வேட்டி அவிழ்வது தெரியாமல் ஓடினார்.

ஒரு கம்பெனியில் இருபது பேர் இருந்தால் முதலாளி பி.எஃப். கட்டியாக வேண்டும். ஒரே ஷெட், நடுவே பிளைவுட் தட்டிகள், நாலு போர்டுகள். அவர் பேரில் ஒன்று, சம்சாரம் ரங்காத்தாள் பேரில் ஒன்று, மகன் ரித்தீஷ் பேரில் ஒன்று, மருமகள் பேரில் ஒன்று. ஒவ்வொன்றிலும் பதினெட்டே பேர்.

மூச்சு வாங்க பாண்டியம்மாளிடம் வந்து நின்றார்.

"ஏங்கண்ணு, கேட்டா நீ ரங்காத்தா கம்பெனின்னு சொல்லோணும். அவ தனி, நான் தனி. புரிஞ்சுதா? அட, இங்க ஒரு தட்டி பத்தலயே!"

பாண்டியம்மாள் மெஷினை நிறுத்தினாள்.

"எங்க வீட்டுச் சேல சும்மாத்தேன் கெடக்கு. எடுத்தாரட்டுமாய்யா?"