அகலத் திருகு

“பல்லு எப்படிங்க உடைஞ்சுது?” என்றார் பல் டாக்டர் அன்பரசன்.

“சூளைப் படியில வழுக்கிட்டேன்” என்றார் பீங்கான் பொம்மை செய்யும் மாணிக்கவேல். பக்கத்தில் மனைவி பூவாயி.

“வேருக்குப் பதிலா எலும்புல திருகு வைக்கணும். ஒல்லித் திருகுன்னா கடிக்கிற பாரம் எலும்புல ஒரே இடத்துல இறங்கும். அகலமா இருந்தா பரவி இறங்கும்.”

“இருக்கிறதுலயே பலமானதா வைங்க.”

“ஏன், கல்லையா கடிக்கப் போறீங்க?”

மாணிக்கவேல் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

பூவாயி டப்பாவை நீட்டினாள். “கொளஞ்சியப்பருக்குப் படைச்ச எள்ளுருண்டை, நானே புடிச்சது. இவருக்குத் தெனமும் ஒண்ணு வேணும். எடுத்துக்குங்க டாக்டர்.” சொல்லிவிட்டு ஆட்டோ பார்க்க வெளியே போனாள்.

பிரசாதத்தை மறுக்கலாமா? டாக்டர் கண்ணில் ஒற்றிக்கொண்டு கடித்தார்.

கடக்!

“ஆசையா செய்யுறா டாக்டர்” என்று மாணிக்கவேல் கையெடுத்துக் கும்பிட்டார்.

திரும்பி வந்த பூவாயி பதறினாள். “அய்யோ, ஏன் டாக்டர் கன்னத்தைப் புடிச்சிருக்கீங்க?”

“படியில வழுக்கிட்டேம்மா” என்றார் டாக்டர், படியே இல்லாத அந்த அறையில்.