கரிக்கோடு

"வெங்காயத் தோலு போட்டு வேகவெச்சா முட்டை தங்கக் கலர்ல வரும். அப்புறம் அதுமேல நீங்களே பூ வரையலாம்" என்றார் ஜெசிந்தா டீச்சர்.

வெள்ளிமலைப் பள்ளியில் ஈஸ்டர் முட்டை அலங்காரப் போட்டி. பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு முட்டை கொண்டுவந்திருந்தார்கள். தேவதர்ஷினியின் முட்டையில் மட்டும் ஏற்கெனவே ஒரு கரிக்கோடு இருந்தது.

"யாரு வரைஞ்சது?"

"எங்கம்மா, டீச்சர். இதான் அழகா இருந்துச்சுன்னு எடுத்தாந்தேன்."

"அம்மா வரைஞ்சா பரிசு அம்மாவுக்கா?" டீச்சர் ஈரத்துணியால் கோட்டைத் துடைத்தார். தேவதர்ஷினியின் முகம் சுருங்கியது.

தண்ணீர் கொதித்தது. டீச்சர் அந்த முட்டையைக் கரண்டியில் எடுத்தபோது, தேவதர்ஷினியின் அம்மா எழில்மதி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"டீச்சர், கோடு போட்ட முட்டை எங்கங்க?"

"இதான். ஆனா போட்டியில பிள்ளைங்கதான் வரையணும். நீங்க வரைஞ்சதை அழிச்சிட்டேன்."

"இன்னா டீச்சர், போட்டிக்கா வரைஞ்சேன்? கோழி புதுசா வெக்கிற முட்டையோட கலந்துடக்கூடாதுன்னு, அடையில இருக்கிறதுக்குக் கோடு போடுவோங்க. இன்னிக்கு இருபதாவது நாளு!"

டீச்சர் கொதிக்கும் தண்ணீரைப் பார்த்தார். முட்டையை மெல்லக் காதில் வைத்தார்.

உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.