தண்ணீர் வந்த மறுநாள்

முட்டியில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூசியைத் தட்டிவிட்டபடியே வீட்டுத் தரகன் முன்தர் நான்காம் மாடி வீட்டின் மணியை அழுத்தினான். வீடு பார்க்க முதல் ஆள் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

கதவைத் திறந்தவள் உம்மு குசை. ஆறு வருடமாக இங்கே வாடகைக்கு இருப்பவள்.

"வாங்க, அபூ சனத்," என்று மகன் பெயரைச் சேர்த்து அவனை அழைத்தாள். "இன்னைக்கு எத்தனை பேர் என் வீட்டை வந்து பார்க்கப்போறாங்க?"

"அஞ்சு பேர், சகோதரி."

ஒரு வாரத்துக்கு வரவேண்டிய ஐந்து பேரை ஒரே மாலைக்குள் அடுக்கிவிடுவதில் முன்தர் கெட்டிக்காரன். ஆளுக்கு இருபது நிமிடம். பதினைந்து நிமிடம் பார்ப்பதற்கு. மீதி ஐந்து, இறங்குகிறவரும் ஏறுகிறவரும் படிக்கட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதற்கு. இன்னொருவர் பார்த்துவிட்டுப் போகிற வீட்டின்மேல் யாருக்கும் ஆசை வந்துவிடும்.

மேற்கு பார்த்த வீடென்றால் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் காட்டுவான். அப்போதுதான் கூடத்தில் வெயில் விழும். யோசிக்கிறவர்கள் முதலில், கையில் முன்பணத்தோடு வருகிறவர் கடைசியில்.

எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். ஜோர்டானின் அம்மான் நகரில் வாரத்துக்கு ஒரு நாள்தான் குழாயில் விடுவார்கள். அதை மொட்டைமாடித் தொட்டியில் பிடித்துவைத்து ஏழு நாள் ஓட்ட வேண்டும். இந்தத் தெருவுக்குச் செவ்வாய். ஆகவே இங்கே வீடு காட்டுவதென்றால் முன்தர் புதன்கிழமையைத் தவிர வேறு நாளைத் தொடமாட்டான். தொட்டி நிறைந்திருக்கும், குழாயைத் திறந்தால் பாத்திரம் அதிரும். வருகிறவர் யாரானாலும் குழாயைத் திறக்காமல் போவதில்லை.

இன்று புதன்.

வீட்டுக்காரர் ஃபவாஸ் குவைத்திலிருந்து கறாராகச் சொல்லியிருந்தார். இந்த வாரம் கூடுதல் வாடகைக்கு ஆள் கிடைத்தால், மாதக் கடைசியில் உம்மு குசை காலி செய்துவிட வேண்டும். கிடைக்காவிட்டால் ஆகஸ்ட் முடியும்வரை அவளே இருக்கட்டும். வீட்டைப் பூட்டிப்போட அவருக்கு மனமில்லை.

உள்ளறையில் மகள் ரஸான் மேசையைவிட்டு எழாமல் வேதியியலை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பள்ளியிறுதித் தேர்வு அடுத்த மாதம் நாலாம் தேதி தொடங்குகிறது.

"இவ பரீட்சை முடியற வரைக்குமாவது..." என்று போன வாரம் உம்மு குசை ஆரம்பித்தபோது, "என் கையில இல்ல, சகோதரி," என்று முன்தர் பேச்சை முடித்துவிட்டிருந்தான்.

மணி அடித்தது.

முதலில் வந்த பொறியாளர் சுவரைத் தட்டினார். ஜன்னலை அளந்தார். சமையலறைக் குழாயைத் திருகினார்.

குழாய் இருமியது. இரண்டு சொட்டு விட்டது. நின்றுவிட்டது.

"இங்க தண்ணி என்னைக்கு?"

"செவ்வாய்."

"நேத்தா?"

"நேத்துதான்."

முன்தர் பொய் சொல்கிறவன் இல்லை. பொறியாளர் அளவுநாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்து ஒரு புதுமண ஜோடியும் மாப்பிள்ளையின் அம்மாவும். அந்த அம்மாள் கூடத்து வெயிலைத் திரும்பியும் பார்க்காமல் நேரே சமையலறைக்குப் போனாள்.

"நேத்து வந்த தண்ணி இன்னைக்கே காலியா? மேல ஒட்டகம் ஏதாவது கட்டி வச்சிருக்கீங்களா?"

"காலையிலகூட வந்துச்சு, ஹாஜ்ஜா. துணி துவைச்சேனே," என்று உம்மு குசை தனக்கு எதிராகத் தானே சாட்சி சொன்னாள்.

"துவைச்சிருப்பே. தெரு மொத்தத்துக்கும் சேர்த்து."

படிக்கட்டில் அந்த ஐந்து நிமிடம் இன்றைக்கும் வேலை செய்தது. இறங்கிப்போன அந்த அம்மாள், ஏறிவந்த இரண்டு செவிலியர்களை நிறுத்தி ஏதோ சொன்னாள். அவர்கள் மேலே வந்து குழாயை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். நான்காவது ஆள் மேலே வரவேயில்லை.

ஐந்தாமவர் மருந்துக்கடைக்காரர். முன்பணத்தோடு வந்திருந்தார். வீடு அவருக்குப் பிடித்துவிட்டது. பால்கனியில் நாற்காலி எங்கே போடலாம் என்பதுவரை போய்விட்டார்.

"தொட்டி எத்தனை?"

"ரெண்டு."

அவர் போய்க் குழாயைத் திறந்தார். அது இந்த முறை இருமக்கூட இல்லை. பண உறையைச் சட்டைப்பைக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தள்ளிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

முன்தர் பால்கனிக்குப் போய்க் குவைத்துக்குப் பேசினான். திரும்பி வந்தவன் கூடத்தில் நின்றுகொண்டே சொன்னான்.

"ஆகஸ்ட் வரைக்கும் இருக்கலாமாம்."

உம்மு குசை நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, "உங்களுக்குத்தான் பாவம், தரகு போச்சு," என்றாள். "ஒரு காப்பி போட்டுத்தரலாம்னா தண்ணியும் இல்ல."

"மேல போய் என்னன்னு பார்க்கறேன்."

அவன் படியேறிப் போன ஐந்தாவது நிமிடத்தில், மருந்துக்கடைக்காரர் மூடாமல் விட்டுப்போன குழாய் நாலைந்து முறை இருமிவிட்டு, பாத்திரம் அதிரக் கொட்டத் தொடங்கியது. ரஸான் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டு, மறுபடி தொடர்ந்தாள்.

"தொட்டி வால்வு மூடியிருந்துச்சு," என்றான் முன்தர், திரும்பி வந்து.

உம்மு குசை ஏலக்காய் போட்ட காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் ஓர் ஈரத்துணி.

"முட்டியில சுண்ணாம்பு. துடைச்சுக்குங்க."

"மொட்டைமாடிக்குப் போனா ஒட்டத்தான் செய்யும், சகோதரி."

"ஆமா," என்றாள் அவள். "நீங்க மணி அடிச்சப்பவே இருந்துச்சு."